படிக்கிறவருக்குச் சம்பளம்: அமெரிக்க மேற்படிப்புக்கான பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை, ஒரே வகுப்பு. கோயம்புத்தூரிலிருந்து போன இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். ஒருவர் அந்த செமஸ்டருக்கு 15,000 டாலர் கட்டியிருக்கிறார். அதற்காக ஊரில் அப்பாவின் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. இன்னொருவர் கல்விக் கட்டணமே கட்டவில்லை. மாதம் பிறந்தால் 2,000 டாலருக்கு மேல் அவர் கணக்கில் வந்து சேருகிறது. இருவருடைய மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாமவர் எம்.எஸ். சேர்ந்தவர், இரண்டாமவர் பிஎச்.டி. சேர்ந்தவர். அமெரிக்க வளாகங்களில் இப்படிப்பட்ட ஜோடிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அந்தப் பல்கலைக்கழகங்கள் இயங்கும் விதம். முதலாமாண்டு இளநிலை வேதியியல், கணித, இயற்பியல் வகுப்புகளில் நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வுக்கூடம் நடத்தவும், சந்தேகம் தீர்க்கவும், விடைத்தாள் திருத்தவும் ஆள் வேண்டும். மறுபக்கம், பேராசிரியர்கள் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தேசிய சுகாதார நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் திட்டம் எழுதிக் கொடுத்து ஆராய்ச்சிப் பணம் வாங்குகிறார்கள். ஆராய்ச்சி மாணவரின் சம்பளமும் கல்விக் கட்டணமும் அந்தப் பட்ஜெட்டிலேயே ஒரு வரியாக இருக்கும். ஐந்தாறு ஆண்டுகள் தங்கி உழைக்கப்போகிற பிஎச்.டி. மாணவருக்குத் துறை செலவழிக்கத் தயாராக இருக்கிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் கிளம்பிவிடும் எம்.எஸ். மாணவரோ, பெரும்பாலான இடங்களில், துறைக்கு வருமானம் தருபவர்.

ஆகவே அமெரிக்க மேற்படிப்புக்குப் பணம் தேடுவது என்பது பெரும்பாலும் ஒரு வேலை தேடுவதுதான். வேலை தேடுகிறவர் செய்யும் எல்லாவற்றையும் இங்கேயும் செய்ய வேண்டும்: காலி இடம் எங்கே என்று விசாரிப்பது, யார் முடிவெடுக்கிறார் என்று தெரிந்துகொள்வது, ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசிப்பது. சேர்க்கை கிடைத்த பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று இருப்பவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது வங்கிக் கடன் மட்டுமே.

டி.ஏ., ஆர்.ஏ. என்னும் இரண்டு கதவுகள்

அசிஸ்டன்ட்ஷிப் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் முக்கியமானவை இரண்டு. டி.ஏ. என்பது கற்பித்தல் உதவியாளர் பணி. அதைத் துறை கொடுக்கிறது. ஆர்.ஏ. என்பது ஆராய்ச்சி உதவியாளர் பணி. அதைப் பேராசிரியர் தன் திட்டப் பணத்திலிருந்து கொடுக்கிறார். இரண்டுக்கும் வழக்கமான அளவு வாரம் 20 மணி நேரம். பல்கலைக்கழகக் கணக்கில் இதை 50 சதவீதப் பணி என்பார்கள். மாதச் சம்பளமான ஸ்டைபெண்டுடன் கல்விக் கட்டணத் தள்ளுபடியும் சேர்ந்து வருவதுதான் இதன் பெரிய பலன்.

யார் கொடுக்கிறார் என்பது தெரிந்தால் யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். டி.ஏ. வேண்டும் என்றால் துறையின் சேர்க்கைக் குழுவும், பட்ட மேற்படிப்பு ஒருங்கிணைப்பாளரும் முக்கியம். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் தனியாகப் பேச்சுத் தேர்வு வைக்கின்றன, அல்லது டோஃபல் தேர்வின் பேச்சுப் பகுதியில் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கின்றன. மொத்த மதிப்பெண் நன்றாக இருந்தும் பேச்சுப் பகுதியில் சறுக்கி டி.ஏ. வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. விண்ணப்பத்துக்கு முன்பே அந்தத் துறையின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆர்.ஏ. வேண்டும் என்றால் பேராசிரியருக்கு எழுத வேண்டும். நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதில் பயனில்லை. அதைப் பெறுகிறவர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பலன் தரும் மின்னஞ்சல் சிறியது. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் குறிப்பாக எது தன் வேலையோடு தொடுகிறது என்று இரண்டு வரி. தான் செய்து முடித்த திட்டம் எது, அதில் தன் கையால் செய்தது என்ன என்று இரண்டு வரி. வரும் இலையுதிர்காலத்தில் புது மாணவரை எடுக்கும் எண்ணமும் அதற்கான நிதியும் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். பேராசிரியர்களுக்கு அது மிக இயல்பான கேள்வி. 2025-இல் அமெரிக்க மத்திய அரசின் ஆராய்ச்சி நிதியில் ஏற்பட்ட வெட்டுகளால் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. அதனால் இந்தக் கேள்வி இப்போது முன்பைவிட அவசியம்.

எம்.எஸ். மட்டுமே படிக்க விரும்புகிறவருக்கும் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. ஆய்வேடு எழுதும் எம்.எஸ். உள்ள துறைகளில், குறிப்பாகப் பெரிய பிஎச்.டி. பட்டாளம் இல்லாத மாநிலப் பல்கலைக்கழகங்களில், முதுநிலை மாணவர்களுக்கும் டி.ஏ., ஆர்.ஏ. கிடைப்பதுண்டு. முதல் செமஸ்டரில் சொந்தப் பணம் கட்டிச் சேர்ந்து, ஒரு பாடத்தில் முதல் மாணவராக வந்து, அதே பாடத்துக்கு அடுத்த ஆண்டு டி.ஏ. ஆனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது; கிடைத்தால் கடன் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிதிக் கடிதத்தை வாசிப்பது

சேர்க்கைக் கடிதத்தைக் குடும்பமே கூடி வாசிக்கும். அதோடு வரும் நிதிக் கடிதம்தான் அதைவிடக் கவனமாக வாசிக்க வேண்டியது. மாதிரிக்கு ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். "டி.ஏ. பணி, வாரம் 20 மணி நேரம், ஒன்பது மாதங்களுக்கு 21,600 டாலர். கல்விக் கட்டணம் முழுத் தள்ளுபடி. இதரக் கட்டணங்கள் மாணவர் பொறுப்பு. திருப்திகரமான முன்னேற்றம், நிதி இருப்பு ஆகியவற்றைப் பொறுத்துப் புதுப்பிக்கப்படும்."

மாதம் 2,400 டாலர் என்று தோன்றும். ஆனால் வாடகை பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். 'இதரக் கட்டணங்கள்' என்ற சொல்லுக்குள் தொழில்நுட்பக் கட்டணம், உடற்பயிற்சிக் கூடக் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம் எல்லாம் அடங்கும். செமஸ்டருக்கு 900 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,800. மருத்துவக் காப்பீட்டில் மாணவர் பங்கு 1,200 என்று வைத்தால், மிஞ்சுவது 18,600. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,550 டாலர், அதுவும் வரிக்கு முன்னால். இரண்டு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, சமைத்துச் சாப்பிட்டால் சிறிய ஊரில் இது போதும். பாஸ்டனிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ போதாது.

இப்போது இன்னொரு கடிதம்: "தகுதியைப் பாராட்டி ஆண்டுக்கு 10,000 டாலர் ஸ்காலர்ஷிப்." பார்க்கப் பெருமையாக இருக்கும். கட்டணம் 45,000 டாலர், வாழ்க்கைச் செலவு 18,000 என்றால், அந்த மாணவர் ஆண்டுக்கு 53,000 டாலர் கையிலிருந்து போட வேண்டும். ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் வந்த இந்தக் கடிதம், வேலை என்ற பெயரில் வந்த அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

கடிதத்தில் இல்லாத விஷயங்களை எழுதிக் கேட்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? கோடையில் சம்பளம் உண்டா? புதுப்பிக்க எவ்வளவு ஜி.பி.ஏ. தேவை? பேராசிரியரின் திட்டப் பணம் நடுவில் தீர்ந்துவிட்டால் துறை டி.ஏ. கொடுத்துத் தாங்குமா? காப்பீட்டில் யார் பங்கு எவ்வளவு? பதிலும் எழுத்தில் வர வேண்டும்.

சில மாநிலங்களில் சின்னத் தொகை பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். டெக்சஸின் பொதுப் பல்கலைக்கழகங்களில், போட்டியில் வென்று 1,000 டாலராவது ஸ்காலர்ஷிப் பெறும் வெளிநாட்டு மாணவருக்கு உள்மாநில மாணவருக்கான குறைந்த கட்டணம் கிடைக்க மாநிலச் சட்டம் வழி செய்திருக்கிறது. எல்லா ஸ்காலர்ஷிப்புக்கும் இது பொருந்தாது, எண்ணிக்கை வரம்பும் உண்டு. ஆனாலும் அங்கே 1,000 டாலர் ஸ்காலர்ஷிப்பின் உண்மையான மதிப்பு பல ஆயிரம் டாலர். டெக்சஸுக்கு விண்ணப்பிப்பவர்கள் துறைவாரியான சிறு ஸ்காலர்ஷிப்களை ஒன்றுவிடாமல் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ஏப்ரல் 15 என்ற தேதியும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்கப் பட்ட மேற்படிப்புக் கல்லூரிகளின் மன்றத்தினுடைய தீர்மானத்தில் ஒப்பமிட்டுள்ள பல்கலைக்கழகங்கள், நிதி உதவியோடு கூடிய அழைப்புக்குப் பதில் சொல்ல மாணவரை அந்தத் தேதிக்கு முன் கட்டாயப்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. மார்ச் முதல் வாரத்திலேயே "நாளைக்குள் சொல்லுங்கள்" என்று யாராவது நெருக்கினால், இந்தத் தீர்மானத்தைப் பணிவாகச் சுட்டிக்காட்டலாம்.

சம்பளம் கூடிய கதை

டி.ஏ., ஆர்.ஏ. சம்பளங்கள் தானாக உயரவில்லை. விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவியாளர்கள் 1970-இலேயே சங்கமாக நின்று வேலைநிறுத்தம் செய்தார்கள். 2016-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில், தனியார் பல்கலைக்கழகங்களின் மாணவ உதவியாளர்களும் தொழிலாளர்களே என்று தீர்ப்புச் சொன்னது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆறு வாரம் நடந்த அந்தப் போராட்டத்தின் முடிவில், பாதிநேர டி.ஏ.க்களின் குறைந்தபட்ச ஊதியம் ஒன்பது மாதத்துக்குச் சுமார் 23,000 டாலரிலிருந்து 2024-க்குள் சுமார் 34,000 டாலராக உயர ஒப்பந்தமானது.

விண்ணப்பிப்பவருக்கு இதில் நேரடியான பயன் ஒன்று இருக்கிறது. சங்கம் உள்ள பல்கலைக்கழகங்களில் ஊதிய விகிதம், காப்பீடு, வேலை நேரம் எல்லாம் ஒப்பந்தமாக அச்சில் கிடைக்கும். சேர்வதற்கு முன்பே அதைத் தேடி வாசித்துவிடலாம்.

மணிக்கணக்கு வேலை

1978-இல் சென்னையிலிருந்து யேல் மேலாண்மைப் பள்ளிக்குப் போனார் இந்திரா நூயி. படிப்புச் செலவைச் சமாளிக்க அவர் ஏற்றுக்கொண்ட வேலை, நள்ளிரவு முதல் விடியும்வரை வரவேற்பாளர் மேசையில் உட்காருவது. பகல் நேரத்தைவிட அந்த நேரத்துக்கு மணிக்குச் சற்றுக் கூடுதல் கூலி. வேலை நேர்காணலுக்கான உடையைக் கூட அந்தச் சம்பாத்தியத்தில்தான் வாங்கினார். பின்னாளில் பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக ஆனவர் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கும் நூலகம், மாணவர் விடுதி மேசை, உணவுக்கூடம், கணினி உதவி மையம் என்று வளாகத்துக்குள் அதே மாதிரி வேலைகள் இருக்கின்றன. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் இருப்பவர் வளாகத்துக்குள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரையிலும், விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம். மணிக்கு 15 டாலர் என்றால் வாரம் 300 டாலர். 15 வாரச் செமஸ்டருக்கு 4,500, இரண்டு செமஸ்டருக்கு 9,000. வாடகையும் மளிகையும் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். கட்டணத்துக்கு இது உதவாது. விடைத்தாள் திருத்தும் 'கிரேடர்' வேலையும் பொதுவாக மணிக்கூலிதான், டி.ஏ. போலக் கட்டணத் தள்ளுபடி அதில் கிடையாது.

வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை செய்வது வேறு விஷயம். பெட்ரோல் பங்க்கிலோ உணவகத்திலோ ரொக்கக் கூலிக்கு நிற்பவர் தன் விசா நிலையையே பணயம் வைக்கிறார். மாதம் சில நூறு டாலருக்காக முழுப் படிப்பையும் இழக்க நேரிடலாம்.

சட்டப்படி வெளியில் சம்பாதிக்க வழி இருக்கிறது. ஒரு கல்வியாண்டு முடிந்ததும், பாடத்திட்டத்தோடு இணைந்த சி.பி.டி. அனுமதியில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் போகலாம். தொழில்நுட்பத் துறைகளில் அந்த மூன்று மாதச் சம்பளம் ஒரு செமஸ்டர் கட்டணத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டுவதுண்டு. முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால், அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. வாய்ப்பு போய்விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஓ.பி.டி. என்பது படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதி. அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம்.

இந்தியாவிலிருந்தே கிடைக்கும் உதவி

ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் தொடங்கிய ஜே.என். டாட்டா எண்டோவ்மென்ட் இன்றும் வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கடன் உதவித்தொகை கொடுத்துவருகிறது. இந்திய–அமெரிக்கக் கல்வி அறக்கட்டளை நடத்தும் ஃபுல்பிரைட்–நேரு முதுநிலை உதவித்தொகை கட்டணம், தங்கும் செலவு, விமானப் பயணம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது. அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். பொது சுகாதாரம், நகரத் திட்டமிடல், பொது நிர்வாகம் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கே அது உரியது, படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்ப வேண்டும்.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வயது 35-க்குள். கட்டணத்தோடு, அமெரிக்காவில் படிப்பவருக்கு ஆண்டுக்கு 15,400 டாலர் பராமரிப்புத் தொகையும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்காகத் தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. தகுதியுள்ள பல குடும்பங்கள் இத்திட்டங்களைக் கேள்விப்படாமலேயே தனியார் கடனுக்குப் போய்விடுகின்றன. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டையும் விண்ணப்பத் தேதிக்குப் பல மாதம் முன்பே தாசில்தார் அலுவலகத்தில் வாங்கி வைத்தால், கடைசி நேர ஓட்டத்தைத் தவிர்க்கலாம்.

கடைசியில் கடன்

மேலே சொன்ன எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்குத்தான் கல்விக்கடன். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் பொதுவாக வீடு, நிலம், வைப்புத்தொகை என்று ஏதாவது அடமானம் கேட்பார்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வங்கி வழக்கறிஞரின் லீகல் ஒப்பீனியன் எல்லாம் தயாராக வாரங்கள் ஆகும். சொத்து தாத்தா பெயரிலேயே இருந்தால் மாதங்கள் ஆகும். இந்த வேலையைச் சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திராமல் டிசம்பரிலேயே தொடங்கிவிடலாம்.

40 லட்சம் ரூபாய்க் கடன், 11 சதவீத வட்டி, பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதத் தவணை சுமார் 55,100 ரூபாய். மொத்தத்தில் 66 லட்சத்துக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஓடும் வட்டி இதற்கு மேல். அந்த வட்டியையாவது மாதாமாதம் கட்டிவந்தால் அசல் வீங்காது. ரூபாயில் வாங்கிய கடனை டாலரில் செலவழிக்கிறோம் என்பதால், இரண்டாம் ஆண்டில் டாலர் ஏறினால் பற்றாக்குறை வரும். கடன் தொகையிலேயே கொஞ்சம் இடம் விட்டு வாங்குவது நல்லது. வங்கிக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். என்னும் முன்வரிப் பிடித்தம் இல்லை. பழைய வருமான வரி முறையில் இருப்பவர், கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு கோரலாம்.

இந்தத் தவணையை ஓ.பி.டி. காலத்து அமெரிக்கச் சம்பளத்தில் அடைத்துவிடலாம் என்றுதான் பல வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஓ.பி.டி. முடிந்தபின் அங்கே வேலையில் தொடரத் தேவைப்படும் எச்-1பி விசா ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான், அதுவும் குலுக்கலில். ஆகவே கணக்கை இரண்டு முறை போட வேண்டும்: அமெரிக்கச் சம்பளத்தில் ஒன்று, சென்னைச் சம்பளத்தில் ஒன்று. சென்னைச் சம்பளத்தில் 55,100 ரூபாய் கட்ட முடியாது என்றால் கடன் தொகையைக் குறைக்க வேண்டும், அல்லது கட்டணம் குறைந்த பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கேயே குடியிருக்கும் தமிழர்கள்

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு ஆட்டம் வேறு. மாணவர் நிதி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பினால் கூட்டரசுக் கடன் கிடைக்கும். ஆனால் 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கட்டணம் முழுவதற்கும் கடன் தந்த 'கிராட் பிளஸ்' திட்டம் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு இல்லை. பொதுவான மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்பதே உச்சவரம்பு. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. அறிவியல் ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஆய்வு உதவித்தொகை மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 37,000 டாலர் தருகிறது.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: நிறுவனம் ஊழியரின் படிப்புக்கு ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் கொடுக்கலாம். பகுதிநேர எம்.எஸ். படிப்பவர் இரண்டு காலண்டர் ஆண்டுகளில் பாடங்களைப் பிரித்து எடுத்தால், இந்தத் தொகையை இரண்டு முறை வாங்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்திலேயே அலுவலகப் பணியில் சேர்ந்து, ஊழியர் கட்டணச் சலுகையில் பட்டம் முடிப்பவர்களும் உண்டு.

கிளம்புவதற்கு முன்னும் பின்னும்

பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும். ஆகவே பேராசிரியர்களுக்கு எழுத வேண்டியது ஆகஸ்ட், செப்டம்பரில். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுச் செலவுக்கான நிதி ஆதாரம் காட்ட வேண்டும். அசிஸ்டன்ட்ஷிப் கடிதம் அதற்குச் செல்லும், நூலகத்தில் வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு செல்லாது. விசா கட்டணம் 185 டாலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் இரண்டையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் வேலைக்கடிதத்தோடு சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் எஃப்-1 மாணவரின் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி பிடிக்கக் கூடாது. சம்பளச் சீட்டில் பிடித்திருந்தால் உடனே ஊதியப் பிரிவில் சொல்லித் திரும்பப் பெறலாம். இந்திய மாணவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு: இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி அவர்கள் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்னும் நிலையான வரிக்கழிவைக் கோரலாம். மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஆகஸ்டில் வேலையில் சேர்ந்தாலும் முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில்தான் கைக்கு வரும் என்பதால், வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, மளிகை, போர்வை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டாயிரம், மூவாயிரம் டாலராவது கையோடு கொண்டுபோக வேண்டும்.